காலேஜ் வீடியோ பார்க்க காலேஜுக்கே போக வேண்டுமா?

இந்த வருஷம் எங்கள் காலேஜ் ஃபீஸ் ரசீதில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது. 'டிஜிட்டல் கற்றல் வசதி, ரூ.1,500.' என்ன இது என்று கவுண்டரில் கேட்டால், இனிமேல் எல்லா வகுப்பையும் வீடியோ எடுத்து போர்ட்டலில் ஏற்றிவிடுவோம், வராதவர்கள் பார்த்துக்கொள்ளலாம், வந்தவர்களும் பரீட்சைக்கு முன் திரும்பப் பார்க்கலாம் என்றார்கள். ஒரு செமஸ்டர் முழுக்க அதை உபயோகித்துப் பார்த்துவிட்டேன். உபயோகிக்க விட்ட வரைக்கும் என்று சொன்னால் இன்னும் சரி. காலேஜ் பெயரை எழுதப் போவதில்லை. வேலூர் பக்கம் ஒரு தனியார் காலேஜ், அவ்வளவு போதும். இன்னும் மூன்று செமஸ்டருக்கு நான் அங்கேதான் ஹால் டிக்கெட் வாங்க வேண்டும்.

நான் பி.எஸ்சி. கணிதம் முடித்து ஏழு வருஷம் கழித்து எம்.எஸ்சி. சேர்ந்தவள். நடுவில் கல்யாணம், குழந்தை, ஒரு நர்சரி ஸ்கூலில் நாலு வருஷம் வேலை. வகுப்பில் எல்லோருக்கும் நான் அக்கா. வீடு ஆற்காட்டில். காலை எட்டு மணிக்குள் பஸ் ஏறினால்தான் மேல்விஷாரம், இரத்தினகிரி, சத்துவாச்சாரி என்று நின்று நின்று கிரீன் சர்க்கிள் நெரிசலையும் தாண்டி, இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, முதல் பீரியடுக்கு மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைய முடியும். மாதம் ரெண்டு மூன்று நாள் லீவு தவிர்க்க முடியாது. அதனால் இந்த வீடியோ வசதியை வகுப்பிலேயே ஆவலாக எதிர்பார்த்தவள் நான்தான். 1,500 ரூபாயை முணுமுணுக்காமல் கட்டியவளும் நானாகத்தான் இருப்பேன்.

அக்டோபர் மழையில் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் போகவில்லை. அந்த மூன்று நாளில் அல்ஜிப்ரா மேடம் சைலோ தேற்றத்தை, அதாவது ஒரு குரூப்புக்குள் எந்த அளவில் எத்தனை சின்ன குரூப் இருக்கலாம் என்று சொல்கிற தேற்றத்தை, ஆரம்பித்து முடித்தே விட்டார். கணிதம் படித்தவர்களுக்குத் தெரியும், எம்.எஸ்சி. முதல் செமஸ்டரில் அதைவிடக் கண்ணைக் கட்டும் பாடம் கிடையாது. சரி, வீடியோதான் இருக்கிறதே என்று பையன் தூங்கிய பிறகு ராத்திரி பத்து மணிக்கு போனில் போர்ட்டலைத் திறந்தேன். பாடப் பட்டியல் வந்தது. தேதி வாரியாக எல்லா வகுப்பும் அழகாக அடுக்கியிருந்தது. அமுக்கினால் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: இந்தக் காணொளியைக் கல்லூரி வளாக நெட்வொர்க்கில் மட்டுமே காண இயலும்.

நான்கு தடவை அமுக்கிப் பார்த்தேன். அதே வரி. காலேஜுக்கு வர முடியாதவர்களுக்காக எடுத்த வீடியோவைக் காலேஜுக்கு வந்துதான் பார்க்க வேண்டுமாம்.

மறுநாள் போய் லைப்ரரியில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் ஆறு இருக்கிறது, அதில் நாலு ஓடும். ஹெட்போன் நாமே கொண்டுபோக வேண்டும். காலையில் வகுப்பு, மதியம் வகுப்பு, நாலு மணிக்கு விட்டால் நாலரைக்கு லைப்ரரி மூடிவிடுவார்கள். ஆக எனக்குக் கிடைத்தது ஒரு நாளைக்கு அரை மணி நேரம். 52 நிமிஷ வகுப்பை ரெண்டு நாள் தவணையில் பார்த்தேன். இரண்டாவது நாள் எந்த இடத்தில் விட்டேன் என்று அதற்கு ஞாபகம் இல்லை, முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. நடுவில் இழுத்து விட்டால் சுற்றிக்கொண்டே இருந்தது.

இனி அந்த வீடியோ எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

கேமராவைப் பின்சுவரில், மின்விசிறிக்கு மேலே, திருட்டு பிடிக்க வைக்கிற மாதிரி மாட்டியிருக்கிறார்கள். முதல் பிரேமில் எங்கள் முதுகுகள்தான் முக்கால்வாசி. மிச்ச கால்வாசியில் போர்டு. அதிலும் இடப்பக்கம் ஜன்னல் இருப்பதால் காலை பதினோரு மணி வெயில் போர்டின் மூன்றில் ஒரு பங்கை வெள்ளையாக்கிவிடுகிறது. கிளாஸில் உட்கார்ந்திருந்தால் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொள்வோம். கேமராவுக்குக் கழுத்து இல்லை. சத்தமோ கேட்கவே வேண்டாம். மைக் கேமராவோடு ஒட்டியே வருகிறது, அதாவது மேடத்திடமிருந்து முப்பது அடி தூரத்தில், விசிறியிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில். வேலூர் வெயிலில் அக்டோபரிலும் விசிறியை நிறுத்த முடியாது. விசிறி பாடம் நடத்துகிறது, மேடம் பின்னணியில் பேசுகிறார், அப்படித்தான் இருந்தது.

அதனால் என்ன ஆனது என்று சொல்கிறேன், கணக்கு பிடிக்காதவர்கள் ஒரு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள். குரூப் என்றால் ஒரு செயல்விதிக்குக் கட்டுப்பட்ட உறுப்புகளின் கூட்டம், அதற்குள் இருக்கும் சின்ன குரூப்தான் சப்குரூப். மேடம் முதலில் 15 உறுப்புகள் உள்ள குரூப்பை எடுத்து, அது சைக்ளிக்தான், அதாவது ஒரே உறுப்பிலிருந்து மற்ற எல்லாவற்றையும் பெறலாம் என்று நிரூபித்தார். அடுத்து 21. அதில் 3 உறுப்புள்ள சைலோ சப்குரூப் எத்தனை இருக்கும்? அந்த எண்ணிக்கை 7ஐ மீதியில்லாமல் வகுக்க வேண்டும், அப்புறம் அதை ஏதோ ஒரு எண்ணால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அந்த 'ஏதோ ஒரு எண்' வெயில் விழுந்த இடத்தில் இருந்தது. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்து அது 7 என்று நானே முடிவு செய்துகொண்டேன். 7ஐ வகுக்கிற எண்களில் 7ஆல் வகுத்தால் மீதி 1 வருவது 1 மட்டும்தான், ஆகவே ஒரே ஒரு சப்குரூப், ஆகவே 21 உறுப்புள்ள குரூப்பும் சைக்ளிக். இன்டர்னல் தேர்வில் அதையே அழகாக, கோடு போட்டு, ஆகவே ஆகவே என்று எழுதி வைத்தேன். எட்டு மார்க் கேள்வி. பூஜ்யம். அது 7 இல்லை, 3. 3ஆல் வகுத்தால் 1க்கும் மீதி 1, 7க்கும் மீதி 1, ஆக ஏழு சப்குரூப்பும் இருக்கலாம், 21 உறுப்பில் சைக்ளிக் அல்லாத குரூப் ஒன்று நிஜமாகவே உண்டு. மேடம் 15க்கு அடுத்து 21ஐ எடுத்ததே அந்த வித்தியாசத்தைக் காட்டத்தான். நான் அந்த வித்தியாசத்தையே தொலைத்துவிட்டுப் பரீட்சை எழுதியிருக்கிறேன்.

பேப்பரைக் கொடுக்கும்போது மேடம் கேட்டார், "ஏன்மா, ரெண்டு தடவை சொன்னேனே?" சொல்லியிருப்பார். விசிறிக்குத்தான் கேட்டிருக்கும்.

அப்போதுதான் குடியாத்தத்திலிருந்து வருகிற ஒரு தம்பி, "அக்கா, நீங்க ஏன் அந்த வீடியோவப் பாக்குறீங்க, கிளாஸ்ல யாரும் பாக்கறதில்லையே" என்று தன் போனை நீட்டினான். அவன் செப்டம்பரிலிருந்தே மேடத்திடம் அனுமதி கேட்டு, முதல் பெஞ்சில் போனை வைத்து, குரலை மட்டும் பதிவு செய்துகொண்டிருக்கிறான். போர்டு நிறைந்து மேடம் அழிப்பதற்கு முன் ஒரு போட்டோ. அவ்வளவுதான் அவன் ஸ்டூடியோ. ஒரு வகுப்புக்கு ஒரு ஆடியோ, ஏழெட்டு போட்டோ, அதை டெலிகிராம் குரூப்பில் போட்டு கீழே 'சைலோ 21 கணக்கு 34வது நிமிஷம்' என்கிற மாதிரி நாலைந்து வரி எழுதிவிடுவான். அந்த 34வது நிமிஷத்துக்கு நேராகப் போனேன். மேடம் குரல் காதுக்குள் பேசுகிற மாதிரி: "மூணுல வகுக்கணும். ஏழுல இல்ல, மூணுல." ரெண்டு தடவைதான் சொல்லியிருக்கிறார்.

அந்தத் தம்பியின் ஆடியோ ஃபைல் 52 நிமிஷத்துக்கு 25 எம்பி. காலேஜ் வீடியோ அதே 52 நிமிஷத்துக்கு 1.2 ஜிபி. என் போனில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா. அதாவது காலேஜே பெரிய மனசு பண்ணி வெளியே திறந்துவிட்டாலும், ஒரு வகுப்பு பார்த்தால் அன்றைய டேட்டா முடிந்தது, வீட்டுக்காரர் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கடன் வாங்க வேண்டும். இத்தனைக்கும் பேசிக்கொண்டே போர்டில் எழுதுகிற வீடியோவுக்கு இவ்வளவு பெரிய சைஸ் தேவையே இல்லை. அசையாத சுவரும் அசையாத முதுகுகளும்தான் அதில் பாதி. ஹேண்ட்பிரேக் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது, அதில் போட்டு எடுத்தால் எழுத்து கெடாமலே ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கலாம், நானே ஒரு ஃபைலில் செய்து பார்த்தேன். சர்வரில் ஏற்றும்போதே அதைச் செய்துவிட்டால் லைப்ரரி கம்ப்யூட்டரும் சுற்றாது.

ஆடியோவாகக் கிடைத்த பிறகு என் படிப்பே மாறிவிட்டது, இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பஸ்ஸில் சத்துவாச்சாரியிலிருந்து இரத்தினகிரி வரைக்கும் ஒரு தேற்றம். ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது ஒரு தேற்றம். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே லெக்ராஞ்ச் தேற்றத்தைக் கேட்டேன், சப்குரூப்பின் எண்ணிக்கை குரூப்பின் எண்ணிக்கையை மீதியில்லாமல் வகுக்கும் என்கிற தேற்றம். மேடம் அதற்குச் சொன்ன உதாரணத்தை இங்கே எழுதியே ஆக வேண்டும். கல்யாணத்தில் 15 பேர் சாப்பிட வருகிறார்கள், பந்திக்கு ஐந்து இலைதான் போட முடியும், மூன்று பந்தியில் முடிந்துவிடும், ஒரு ஆளும் மிச்சமில்லை, ஒரே ஆள் ரெண்டு பந்தியிலும் உட்காரவில்லை. பந்திக்கு நாலு இலை என்றால் கடைசிப் பந்தியில் ஒரு இலை காலியாக நிற்கும், அதனால் 15க்குள் 4 உறுப்பு சப்குரூப் இருக்கவே முடியாது. நிரூபணம் அப்புறம் வரும், ஆனால் கோசெட் (இங்கே ஒவ்வொரு பந்தியும் ஒரு கோசெட்) என்றால் என்ன என்று எனக்கு ஏழு வருஷம் முன்னால் புரியாதது அந்த இலைக் கணக்கில் புரிந்தது.

இதனால்தான் "ஐஐடி வீடியோ எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறதே, காலேஜ் வீடியோ எதற்கு" என்று யாராவது சொன்னால் எனக்கு முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்த வீடியோக்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றை வெளியிடுகிற என்பிடெல் திட்டம் 2003இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் (இந்திய அறிவியல் கழகம்) சேர்ந்து ஆரம்பித்தது, இன்றைக்கு யூட்யூபில் பாடத்தின் பெயரைத் தட்டினால் முழு கோர்ஸ் வரிசையாக வந்து நிற்கும். படிக்கக் காசு கிடையாது, பரீட்சை எழுதி சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம். அசைன்மென்டுக்கு 25, பரீட்சைக்கு 75 என்று பிரித்து மார்க் போடுகிறார்கள். நம்மைப் போலத் தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு, நிறைய பாடங்களின் எழுத்து வடிவத்தைத் தமிழிலும் மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது, தேடிப் பாருங்கள். அமெரிக்காவில் எம்ஐடி இதை 2001லேயே அறிவித்து எல்லாப் பாடத்தையும் வெளியே வைக்க ஆரம்பித்துவிட்டது. அங்கே கில்பர்ட் ஸ்ட்ராங் என்ற பேராசிரியர் நடத்திய லீனியர் அல்ஜிப்ரா 1999இல் எடுத்தது, அந்தக் காலத்து மங்கிய வீடியோதான், ஆனால் போர்டில் ஒரு எழுத்து கூடத் தப்பாது. ஏனென்றால் கேமராவுக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்து, அவர் எங்கே எழுதுகிறாரோ அங்கே திருப்பியிருக்கிறார். அவர் 2023இல், 88 வயதில்தான் கடைசி வகுப்பு எடுத்தார். எங்கள் காலேஜ் கேமரா ஸ்ட்ராங்கைப் படம் பிடித்த கேமராவைவிட இருபது வருஷம் புதுசு, துல்லியமும் பல மடங்கு அதிகம். கண்ட பலன் என்ன? என் சடை எத்தனை பின்னல் என்று எண்ணலாம், போர்டில் 3ஆ 7ஆ என்று தெரியாது.

ஸ்வயம் பிரபா என்று டிவியிலேயே வருகிறது, 2017இல் 32 சேனலோடு ஆரம்பித்தது, டிடி ஃப்ரீ டிஷ் இருந்தால் போதும், நெட்டே வேண்டாம். தினமும் நாலு மணி நேரமாவது புதுப் பாடம் போட்டு, அதையே அன்றைக்கு மேலும் ஐந்து தடவை திரும்பப் போடுவார்கள் என்பதால் காலையில் விட்டால் ராத்திரி பிடிக்கலாம். நெட் கட்டாகிற ஊருக்கு நல்ல யோசனை. எங்கள் வீட்டில் எடுபடவில்லை, அது சேனலின் தப்பில்லை. அத்தை ஆறரையிலிருந்து பத்து வரை ரிமோட்டை விடமாட்டார். ஒரு நாள் மட்டும் கேட்டு வாங்கி அரை மணி நேரம் பார்த்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து அத்தையும் பார்த்துவிட்டு, "பாவம், தொண்டை வறண்டு போச்சு அவருக்கு, யாராச்சும் தண்ணி குடுக்கக் கூடாதா" என்றார்.

ஆனால் விஷயம் இதுதான். அந்த வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அவர்கள் சிலபஸில், அவர்கள் வேகத்தில் போகும். எங்கள் மேடம் பாதி தமிழ், பாதி ஆங்கிலம், எங்கள் சிலபஸ், எங்கள் யூனிவர்சிட்டி கேள்வித்தாளில் எது எப்படி வரும் என்ற நாடித்துடிப்பு, பந்தி இலை உதாரணம். உலகத்தரமான வகுப்பு இலவசமாக என் கைக்குள் வந்துவிட்டது, முப்பது கிலோமீட்டருக்குள் நடக்கிற என் சொந்த வகுப்பு மட்டும் காம்பவுண்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது. நான் காசு கட்டினது இரண்டாவதுக்கு.

சப்டைட்டில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போர்ட்டலில் அதைத்தான் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்திருக்கிறார்கள். தானாகவே எழுதிக்கொள்ளும் சப்டைட்டில். மொழி ஆங்கிலம் என்று வைத்துவிட்டார்கள் போல, மேடம் பேசுகிற தமிழை எல்லாம் அது ஆங்கிலம் என்று நினைத்தே எழுதுகிறது. அவர் ஒவ்வொரு வரிக்கும் "சரியா?" என்பார். திரையில் 'சிரியா' என்ற நாட்டின் பெயர் வரும். ஒரு வகுப்பில் முப்பது நாற்பது சிரியா. பீ-சைலோ சப்குரூப் என்றால் 'பீ ஸ்லோ' என்று வந்தது, மெதுவாக இரு என்று அர்த்தம். லைப்ரரியில் அன்றைக்குச் சிரித்துச் சிரித்து லைப்ரரியன் எழுந்து வந்துவிட்டார். அது கூட நல்ல அறிவுரைதான், சைலோ தேற்றத்தை அவசரப்பட்டுப் படித்து யாரும் தேறியதில்லை.

சிரித்தது போகட்டும். எங்கள் வகுப்பில் ஒரு பெண்ணுக்குக் காது மந்தம், மிஷின் வைத்திருக்கிறாள். விசிறி சத்தத்தை அந்த மிஷின் பெரிசாக்கிக் கொடுப்பதால் வீடியோ அவளுக்கு அறவே உதவாது, தம்பியின் ஆடியோவும் ஓரளவுக்குத்தான். அவளுக்குச் சப்டைட்டில் இல்லாவிட்டால் பாடமே இல்லை. 2016இல் கலிபோர்னியாவின் பெர்க்லி யூனிவர்சிட்டியிடம், இலவசமாக வெளியிட்ட வகுப்பு வீடியோக்களில் சரியான சப்டைட்டில் இல்லை, காது கேளாதவர்களுக்கு அது பயன்படாது என்று அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் சொன்னது. யூனிவர்சிட்டி மறு வருஷம் 20,000க்கும் மேற்பட்ட வீடியோக்களைப் பொதுப் பார்வையிலிருந்தே எடுத்துவிட்டது. சப்டைட்டில் போடச் செலவாகுமாம். கேட்டவர்களுக்கும் கிடைக்கவில்லை, கேட்காதவர்களுக்கும் இல்லாமல் போனது. எங்கள் காலேஜில் இதைப் புகாராக எழுதித் தரலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "எழுதினா வீடியோவையே நிறுத்திடுவாங்கக்கா" என்றாள். பெர்க்லி கதை அவளுக்குத் தெரியாது. இப்போதைக்கு நாங்கள் நாலு பேர் வாரத்துக்கு ஒருத்தராக மேடத்தின் ஆடியோவைக் கேட்டு, முக்கியமான பகுதிகளை மட்டும் தமிழும் ஆங்கிலமும் கலந்தே டைப் செய்து தருகிறோம். பத்து நிமிஷப் பேச்சை அடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. பாடம் எனக்கும் பதிகிறது என்பதால் புலம்ப மாட்டேன்.

ஆசிரியர்கள் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். அனாலிசிஸ் எடுக்கிற சார் ஆரம்பத்திலேயே கேமராவை அணைக்கச் சொல்லிவிட்டார். முதலில் எனக்குக் கோபம்தான். ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் கேட்டேன். "நான் போர்டுல தப்பு பண்ணுவேன்மா, அழிச்சுத் திருத்துவேன், அதுதான் கிளாஸ். அந்தத் தப்ப மட்டும் வெட்டி ஸ்டேட்டஸ் வெச்சா?" என்றார். அப்புறம் மெதுவாக, வீடியோ யாருக்குச் சொந்தம், அவர் வேலையை விட்டுப் போனபிறகும் அதையே ஓட்டி அடுத்த ஆளை எடுக்காமல் விட்டுவிடுவார்களோ என்றும் கேட்டார். கையெழுத்துப் போட்ட ஒரு தாள் கூட இது பற்றி அவர்களுக்குக் கொடுக்கவில்லையாம். கேட்ட பிறகு என்னால் வாதம் செய்ய முடியவில்லை. ஒன்று மட்டும் செய்கிறார், வகுப்பு முடிந்த அன்றே கையால் எழுதின நோட்ஸை ஸ்கேன் பண்ணிக் குரூப்பில் போடுகிறார், அதில் அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே இருக்கும். உண்மையைச் சொன்னால் 1.2 ஜிபி வீடியோவைவிட அந்த நாலு பக்கம் எனக்கு உபயோகம்.

வீடியோ போட்டால் பசங்க கிளாஸுக்கே வரமாட்டாங்க என்று ஆபீஸில் ஒருவர் சொன்னதற்கு மட்டும் எனக்குப் பொறுமை இல்லை. 75 சதவீத அட்டெண்டன்ஸ் இல்லாவிட்டால் பரீட்சையே எழுத முடியாது, இதில் யார் வராமல் இருக்கப் போகிறார்கள். வராமல் போகிறவன் வீடியோ இல்லாத காலத்திலும் கோட்டைப் பக்கம் அகழியோரம் உட்கார்ந்திருந்தவன்தான்.

இனி காம்பவுண்டுக்கு வெளியே திறந்த கதை. நவம்பரில் 41 பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தோம். கேட்டது மூன்றுதான். வீட்டிலிருந்து பார்க்க விடுங்கள், ஆடியோவை மட்டும் தனியாக இறக்கிக்கொள்ள விடுங்கள், சட்டையில் குத்துகிற ஒரு காலர் மைக் வாங்குங்கள். மைக் ஆயிரம் ரெண்டாயிரத்துக்கே கிடைக்கும் என்று தம்பி கடை விலை வரைக்கும் எழுதிக் கொடுத்தான். ஒரு செமஸ்டருக்கு ஒரே ஆள் கட்டுகிற பணம். பத்து நாள் கழித்து, தேர்வு முடியும் வரை வெளியிலிருந்தும் பார்க்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. மற்ற ரெண்டைப் பற்றிப் பேச்சே இல்லை. சரி, இதாவது கிடைத்ததே என்று அன்று ராத்திரி ஒன்பதரைக்குத் திறந்தேன்.

திறக்கவில்லை. சிவப்பு வரி கூட வரவில்லை, வெறும் வெள்ளைத் திரை. மறுநாள் காலை காலேஜில் திறந்தால் ஓடுகிறது. அன்று ராத்திரி மறுபடியும் வெள்ளை. மூன்று நாள் இப்படியே. போர்ட்டலைச் செய்து கொடுத்த கம்பெனிக்கு போன், அவர்கள் உங்கள் நெட்டைப் பாருங்கள் என்கிறார்கள், ஆபீஸில் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள். நாலாவது நாள் பஸ்ஸைத் தவறவிட்டு ஆறேகால் வரை காலேஜ் வாசலில் நின்றபோது தற்செயலாகத்தான் தெரிந்தது. வாட்ச்மேன் அண்ணா ஒவ்வொரு அறையாகப் பூட்டிக்கொண்டே வந்தார். மாடியில் ஒரு சின்ன அறைக்குள் போய் டக் டக் என்று ரெண்டு சுவிட்சைத் தட்டினார். என் போனில் அப்போது ஓடிக்கொண்டிருந்த வீடியோ அதோடு நின்றது.

"அண்ணா, அந்த ரூம்ல என்ன இருக்கு?"

"ஏதோ கம்ப்யூட்டர் பொட்டிம்மா, ராப்பகலா ஓடிக்கிட்டே இருக்குது. கரண்ட் வேஸ்ட்டுன்னு நான்தான் தெனம் நிறுத்திட்டுப் போறேன்."

அவரைத் தப்பு சொல்ல முடியாது. போகும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போ என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் 1,500 ரூபாய் வீதம் எத்தனையோ பேர் கட்டின பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர்தான் பதறிப்போனார். "அடக் கடவுளே, பசங்க படிக்கிறதையா நிறுத்திக்கிட்டு இருந்தேன்" என்று உடனே திரும்பி மாடி ஏறிப் போய்ப் போட்டுவிட்டு வந்தார். மறுநாள் நான் ஒரு வெள்ளைத்தாளில் 'இது வகுப்பு வீடியோ கம்ப்யூட்டர், அணைக்க வேண்டாம்' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதிக் கொடுத்தேன், அவரே செலோடேப் போட்டு சுவிட்சுக்கு மேலே ஒட்டினார். செமஸ்டர் தேர்வு முடியும் வரைக்கும் ஒரு ராத்திரி கூட வெள்ளைத் திரை வரவில்லை.

மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்றால் 5க்கு இரண்டரை. போர்டுக்கு நேராகக் கேமராவை இறக்கி, ஜன்னலுக்கு ஒரு திரை போட்டால் மூன்று. காலர் மைக் வாங்கினால் நாலு, கண்ணை மூடிக்கொண்டு தருவேன். இந்தப் பக்கம் வேறு காலேஜில் சேரப் போகிறவர்கள் ரசீதில் இதே மாதிரி ஒரு வரியைப் பார்த்தால், கட்டுவதற்கு முன் ஏதாவது ஒரு பழைய வகுப்பை உங்கள் சொந்த போனில், உங்கள் சொந்த டேட்டாவில், காலேஜ் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்று ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் ஆறு மணிக்கு மேல்.

அடுத்த செமஸ்டர் தொடங்கிவிட்டது. 'தேர்வு முடியும் வரை' என்று போட்டிருந்ததால் சிவப்பு எழுத்து வரி திரும்பி வந்துவிட்டது, ரசீதில் 1,500ம் திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது மனுவைத் தம்பி டைப் செய்துகொண்டிருக்கிறான். இந்தத் தடவை மைக்கை முதல் கோரிக்கையாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.